திகில் படத்துக்கு இரண்டு நிமிடத் தொடக்கம் எடுப்பது எப்படி: ஒரு பனங்காட்டில் கற்றவை

காட்சித் தொடர்பியல் படிப்பவர்களுக்கு ஏதேனும் ஒரு பருவத்தில் இந்தப் பயிற்சி வந்துவிடுகிறது: இல்லாத ஒரு முழுநீளப் படத்தைக் கற்பனை செய்துகொண்டு, அதன் தொடக்கத்தை மட்டும், பெயர்கள் உட்பட இரண்டு நிமிடத்துக்குள் எடுத்துக் காட்ட வேண்டும், பிறகு எடுத்ததைப் பற்றி ஒரு மதிப்பீட்டுக் கட்டுரை எழுத வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் திகில் படத்தையே தேர்ந்தெடுப்பார்கள். நாங்கள் ஐந்து பேரும் அப்படித்தான் செய்தோம். எங்களில் மூவர் பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், வீட்டில் தமிழும் அலுவலகங்களில் மலையாளமும் புழங்கும் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தைச் சேர்ந்தவர்கள். மற்ற இருவர் பொள்ளாச்சிக்காரர்கள். வேலந்தாவளம் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு பனங்காட்டில் இரண்டு முறை படம் பிடித்தோம். முதல் முறை எடுத்தது தோற்றது. இரண்டாவது முறை எடுத்தது பார்த்தவர்களை அசையாமல் உட்கார வைத்தது. இரண்டுக்கும் இடையில் கற்றுக்கொண்டதை, அடுத்து இந்தப் பயிற்சியைச் செய்யப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

மரபு என்ன வேலை செய்கிறது என்று கேளுங்கள்

முதல் முறை நாங்கள் தாளும் பேனாவுமாக உட்கார்ந்து, திகில் படங்களில் என்னென்ன வரும் என்று பட்டியல் போட்டோம். பாழடைந்த வீடு, கிறீச்சிடும் கதவு, வெள்ளைப் புடவை, விரித்த கூந்தல், மின்னல், கறுப்புப் பூனை, கண் விழிக்கும் பொம்மை, அணையும் மெழுகுவத்தி என எட்டு வந்தது. எட்டையும் 110 நொடிக்குள் நுழைத்துவிட்டோம். வகுப்பில் திரையிட்டபோது பூனை வந்த இடத்திலேயே சிரிப்பு தொடங்கிவிட்டது. பொம்மை கண் விழித்தபோது யாரும் திரையைப் பார்க்கவில்லை. அதை எடுக்க நாங்கள் மூன்று இரவுகள் விழித்திருந்தோம் என்பதால் அந்தச் சிரிப்பு நெடுநாள் வலித்தது. ஆனால் சிரித்தவர்கள் பக்கம்தான் நியாயம் இருந்தது. அந்த எட்டுப் பொருட்களும் ‘இது திகில் படம்’ என்று அறிவித்தனவே தவிர, ஒன்றுகூட யாரையும் பயமுறுத்தப் பயன்படவில்லை.

திரைப்பட ஆய்வாளர் ரிக் ஆல்ட்மன் 1984இல் எழுதிய ஒரு கட்டுரையில், ஒரு படவகையை இரண்டு தளங்களில் பார்க்க வேண்டும் என்கிறார். திரும்பத் திரும்ப வரும் இடம், உடை, பாத்திரம், ஒளி போன்ற பொருட்கள் ஒரு தளம். அந்தப் பொருட்கள் ஒன்றோடொன்று கொள்ளும் உறவு இன்னொரு தளம். மொழியில் சொல்லும் தொடரும் போல என்று வைத்துக்கொள்ளலாம். எங்கள் முதல் படத்தில் சொற்கள் மட்டும் இருந்தன, தொடர் ஒன்றுகூட அமையவில்லை. இந்த வேறுபாடு பிடிபட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது என்றே சொல்வேன்.

ஆகவே, ஒரு மரபை, அதாவது ஒரு வகைப் படங்களில் வழக்கமாக வரும் ஒன்றை, படத்தில் சேர்ப்பதற்கு முன் அது என்ன வேலையைச் செய்கிறது என்று ஒரு வரியில் எழுதிப் பாருங்கள். இருட்டு தகவலை மறைக்கிறது. தனிமை உதவியைத் தொலைவுக்குத் தள்ளுகிறது. பழைய வீடு, தீர்க்கப்படாத ஒரு தவறு அங்கே நடந்திருக்கிறது என்று சொல்கிறது. கண்ணாடி, பாத்திரத்தின் முதுகுக்குப் பின்னால் உள்ள இடத்தை நமக்குக் காட்டி, பாத்திரத்துக்குக் காட்டாமல் வைக்கிறது. வேலை தெரிந்துவிட்டால், அதே வேலையை உங்கள் ஊரில் எது செய்கிறது என்று தேடலாம். எங்களுக்குத் தனிமை வேண்டியிருந்தது. அதற்குப் பாழடைந்த வீடு தேவைப்படவில்லை. கடைசிப் பேருந்து ஆளை இறக்கிவிட்டுப் போன பிறகு, சாலையிலிருந்து வீடு வரை அரை கிலோமீட்டர் வரப்பில் நடக்க வேண்டியிருப்பதே போதுமானதாக இருந்தது.

வெள்ளைப் புடவையைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் அதை விட்டுவிடுவது மிகவும் கடினம். எங்கள் பக்கத்துக் கதைகளில் பனைமரத்தில் இருந்துகொண்டு ஆண்களை மயக்கும் பெண் பேயான யட்சி என்றாலே வெள்ளைப் புடவை என்று நாங்கள் நினைத்திருந்தோம். ஆனால் அந்த உருவத்தை மக்கள் மனத்தில் பதித்ததில் 1964இல் வந்த மலையாளப் படமான ‘பார்கவி நிலையம்’ போன்றவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. மலம்புழா அணைப் பூங்காவில் கானாயி குஞ்ஞிராமன் 1969இல் உருவாக்கிய யட்சி சிலையைப் பாருங்கள்: உடையேதும் இல்லாமல், கால்களை அகட்டி, முகத்தை வானத்துக்கு உயர்த்தி, நண்பகல் வெயிலில் அமர்ந்திருக்கிறாள். இரவும் புடவையும் இல்லாமலே அவள் யட்சியாக இருக்கிறாள். நாம் தொன்மையானது என்று நம்பும் பல மரபுகள் நம் தாத்தா காலத்துத் திரையரங்கைத் தாண்டி முன்னால் போவதில்லை. இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் புடவையைக் கழற்றி வைக்க எங்களுக்குத் துணிவு வந்தது.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. இங்கே அச்சத்துக்குரியவளாகச் சொல்லப்படும் இயக்கி (யட்சியின் தமிழ் வடிவம்), நெல்லை, குமரி மாவட்டங்களில் இசக்கியம்மனாக வழிபடப்படுகிறாள். நீங்கள் பேயாகக் காட்டப்போகும் உருவம் பக்கத்து ஊரில் யாருக்காவது தெய்வமாக இருக்கிறதா என்று பெரியவர்களிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். அறியாமல் புண்படுத்துவதைத் தவிர்க்கலாம் என்பது ஒரு காரணம். கேட்கும்போது கிடைக்கும் கதைகள் நீங்கள் யோசித்த கதையைவிட நன்றாக இருக்கும் என்பது மற்றொன்று.

சுண்ணாம்பு

பாலக்காட்டுப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை இது. கரும்பனை உச்சியில் யட்சி இருப்பாள். இரவில் தனியே வரும் ஆணிடம் அழகிய பெண்ணாக வந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பாள். கொடுத்தவனுக்குப் பனை மாளிகையாகத் தெரியும். மறுநாள் மரத்தடியில் பல்லும் நகமும் முடியும் கிடக்கும். இதிலிருந்து ‘சுண்ணாம்பு கேட்கும் குரல்’ என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் ஒரு பெண் கடைசிப் பேருந்தில் ஊருக்கு வருகிறாள். அவள் பையில் அம்மாயிக்காக (அம்மாவின் அம்மாவுக்காக) வாங்கிய சுண்ணாம்பு டப்பா இருக்கிறது. பனங்காட்டைக் கடக்கும்போது மேலேயிருந்து ஒரு குரல் சுண்ணாம்பு கேட்கிறது. தொடக்கக் காட்சி அங்கே முடிகிறது.

இதைப் பொள்ளாச்சி நண்பனிடம் சொன்னபோது, “சுண்ணாம்பு கேட்டா என்ன? குடுத்துட்டுப் போக வேண்டியதுதானே?” என்றான். அவன் கேள்வியால்தான் படம் பிழைத்தது. மரபு என்பது திரையில் இருப்பதில்லை, பார்ப்பவரின் நினைவில் இருக்கிறது. அந்த நினைவு நாற்பது கிலோமீட்டருக்குள் மாறிவிடுகிறது. எங்கள் ஊரில் முதுகுத்தண்டைச் சில்லிட வைக்கும் ஒரு சொல், எல்லைக்கு அப்பால் வெறும் கடைச்சரக்கு. எனவே, உங்கள் கதை ஒரு வட்டார நம்பிக்கையைச் சார்ந்திருந்தால், அதைப் பார்வையாளருக்குக் கற்றுக்கொடுக்கும் வேலையையும் அந்த இரண்டு நிமிடத்துக்குள்ளேயே, பாடம் நடத்துவது போல் தெரியாமல், செய்ய வேண்டும்.

திகில் படங்களுக்குப் பெயர் பெற்ற இயக்குநர் ஆல்பிரெட் ஹிட்ச்காக் ஒரு நேர்காணலில் தந்த விளக்கம் இங்கே உதவியது. மேசைக்கு அடியில் இருக்கும் வெடிகுண்டு திடீரென்று வெடித்தால் பார்வையாளருக்குப் பதினைந்து நொடி வியப்பு கிடைக்கும். குண்டு இருப்பதை முன்பே காட்டிவிட்டு, அதை அறியாதவர்களைப் பேச விட்டால் பதினைந்து நிமிடப் பதற்றம் கிடைக்கும் என்பது அதன் சாரம். எங்கள் குண்டு சுண்ணாம்பு டப்பாதான். பேருந்துக்குள் ஓர் எட்டு நொடிக் கைபேசிப் பேச்சை வைத்தோம். “சுண்ணாம்பு வாங்கீட்டயா கண்ணு? பொழுது உளுந்தா வழியில ஆரு கேட்டாலும் குடுத்துறாதே” என்கிறார் அம்மாயி. “செரிங்க அம்மாயி” என்கிறாள் பெண். ஏன் கொடுக்கக் கூடாது என்று ஒரு சொல்லும் இல்லை. பாலக்காட்டுக்காரருக்கு அந்த இடத்திலேயே கதை புரிந்துவிடுகிறது. மற்றவர்களுக்கு ஒரு தடை விதிக்கப்பட்டிருக்கிறது என்பது மட்டும் புரிகிறது. தடை விதித்தால் அது மீறப்படும் நிலை வரும் என்பது எல்லா நாட்டுக் கதைகளிலும் உள்ள ஒழுங்கு என்பதால், இருவரும் ஒரே பதற்றத்துடன் அடுத்த காட்சிக்கு வந்துசேர்கிறார்கள்.

படப்பிடிப்புக்கு இடம் பார்க்கப் போன நாளில் கிடைத்த ஒரு செய்தி கதையை இன்னும் ஒரு படி உயர்த்தியது. பாலக்காட்டு மாவட்டத்துச் சித்தூர் வட்டாரம் கள்ளுக்குப் பெயர் பெற்றது. பனங்காடு என்றால் மரமேறுபவர்கள் இருப்பார்கள். அங்கே வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெரியவர், பதநீர் புளித்துக் கள்ளாகாமல் இருக்கக் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவார்கள் என்று சொன்னார். அப்படியானால் பனை உச்சியிலிருந்து ஒருவர் சுண்ணாம்பு கேட்பதற்கு முற்றிலும் இயல்பான காரணமும் இருக்கிறது! இலக்கியக் கோட்பாட்டாளர் த்ஸ்வெதான் தொதரோவ் 1970இல் வெளியான தம் நூலில், இயற்கையான விளக்கத்துக்கும் இயற்கைக்கு அப்பாற்பட்ட விளக்கத்துக்கும் இடையில் வாசகர் தயங்கி நிற்கும் அந்த நிலையையே விந்தைப் புனைவின் உயிராகச் சொல்கிறார். அந்தத் தயக்கம் எங்களுக்கு ஒரு கலயத்தின் வடிவில் கையில் வந்து விழுந்தது. குரலை ஆணா பெண்ணா என்று பிரிக்க முடியாதபடி தணிந்த தொனியில் பதிவு செய்தோம். “சுண்ணாம்பு உண்டோ மோளே?” (சுண்ணாம்பு இருக்கா மகளே?) என்ற அந்த மூன்று மலையாளச் சொற்களை, வேலை செய்துகொண்டிருக்கும் மரமேறி ஒருவரும் கேட்டிருக்கலாம்.

தொடக்கக் காட்சியில் விடை சொல்லாதீர்கள் என்று ஆசிரியர்கள் சொல்வதன் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது. தகவலை அடக்கி வைத்தால் மட்டும் மர்மம் வந்துவிடாது. சரியான இரண்டு விடைகளைப் பார்வையாளர் முன்னால் வைத்து, எது என்று சொல்லாமல் படத்தின் பெயரைப் போட வேண்டும்.

நேரத் திட்டம்

120 நொடி என்பது எழுதும்போது நீளமாகவும் வெட்டும்போது குறைவாகவும் தெரியும். எங்கள் இறுதி வடிவம் 118 நொடி, 17 ஷாட். முதல் 14 நொடி கறுப்புத் திரையில் பேருந்து ஓடும் ஒலியும் முதல் பெயர்களும்; 34ஆம் நொடி வரை பேருந்துக்குள்; 42 வரை பேருந்து போய் மறைவது; 80 வரை நடை; 84இல் குரல்; பிறகு மேலிருந்து ஒரு ஷாட், அவள் கை, படத்தின் பெயர். நடைக்கு 38 நொடி கொடுத்தது அதிகம் என்று குழுவிலேயே சண்டை வந்தது. ஒன்றும் நடக்காத அந்த 38 நொடியில்தான் பார்வையாளர் தாமே எதையாவது எதிர்பார்க்கத் தொடங்குகிறார் என்பதால் அதைக் குறைக்க நான் சம்மதிக்கவில்லை. இப்போதும் சம்மதிக்க மாட்டேன்.

ஒளியும் கேமராவும்

இரவுக் காட்சியை நள்ளிரவில் எடுக்காதீர்கள். கைபேசியிலோ விலை குறைந்த கேமராவிலோ முழு இருட்டில் எடுத்தால் கறுப்புக்குப் பதில் நெளியும் புள்ளிகள்தான் பதிவாகும். சூரியன் மறைந்த பிறகு எங்கள் பக்கத்தில் ஏறத்தாழ 20 நிமிடம் வானம் கருநீலமாக நிற்கும். பனையின் விசிறி ஓலைகள் அதில் வெட்டி ஒட்டியதைப் போலத் தெரியும். அகலமான ஷாட்களை எல்லாம் அந்த நேரத்தில் மட்டும் எடுத்தோம். அதனால் நான்கு மாலைகள் தேவைப்பட்டன. முகம், கை, டப்பா போன்ற நெருக்கமான ஷாட்களை, முழுவதும் இருட்டிய பிறகு, ஒரு எல்இடி விளக்கை வெள்ளைப் போர்வையில் அடித்துத் திருப்பி எடுத்தோம். வானம் தெரியாத ஷாட்டை எந்த நேரத்திலும் எடுக்கலாம், தெரிகிற ஷாட்டை அந்த 20 நிமிடத்தில்தான் எடுக்கலாம் என்ற ஒரே விதியை வைத்துக்கொண்டால் ஷாட் பட்டியலை எளிதாகப் பிரித்துவிட முடியும்.

தானியங்கி அமைப்புகளை அணைத்துவிடுங்கள். நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் வேகம் 50இல் ஒரு பங்கு என்று நிறுத்துங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், இந்த வேகத்தில் குழல் விளக்குகளின் துடிப்பு திரையில் பட்டையாக ஓடாது. கேமராவின் ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை முடிந்த அளவு குறைத்து வையுங்கள். எக்ஸ்போஷரை, அதாவது கேமரா ஏற்கும் ஒளியின் அளவை, பூட்டாமல் விட்டால், பெண் கையில் உள்ள டார்ச் அசையும்போதெல்லாம் வானம் வெளிறி வெளிறி அடங்கும். எங்கள் முதல் மாலை முழுவதும் இப்படியே வீணானது.

யாரோ ஒளிந்து பார்ப்பது போன்ற ஷாட் திகில் படங்களின் பழைய மரபு. 1978இல் வந்த ‘ஹாலோவீன்’ படத்தின் தொடக்கம் முழுவதும் ஒருவரின் கண்வழியே நகர்ந்து, இறுதியில் அந்தக் கண் ஆறு வயதுச் சிறுவனுடையது என்று காட்டி அதிர வைக்கிறது. அங்கே ஷாட் ஒரு வாக்குறுதி கொடுத்து அதைக் காப்பாற்றுகிறது. எங்கள் முதல் படத்தில் புதருக்குப் பின்னாலிருந்து பார்க்கும் ஷாட் மூன்று இருந்தன; யார் பார்க்கிறார்கள் என்பது எங்களுக்கே தெரியாது. இரண்டாவது முறை அத்தகைய ஷாட் ஒன்றே ஒன்று: பனை உச்சியிலிருந்து கீழே நிற்கும் பெண். அந்தப் பெரியவரே மாலையில் மரமேறியபோது எங்கள் கைபேசியைத் துணிப்பையில் எடுத்துச் சென்று, மட்டையில் இறுக்கிக் கட்டிவிட்டு இறங்கினார். அவர் நேரத்துக்குக் கூலி கொடுத்தோம். மாணவர் யாரும் அந்த வேலைக்கு முயல வேண்டாம். அந்த ஷாட்டில் ஓலையின் நுனி மட்டும் ஓரத்தில் மங்கலாக ஆடுகிறது. பெண் விரல் அளவில் நிற்கிறாள். ஏழு நொடி. மொத்தப் படத்திலும் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

பாத்திரத்தை நடுவில் நிறுத்தாமல் கேமராவின் சட்டத்துக்குள் ஒரு ஓரத்தில் நிறுத்தி, மறு ஓரத்தை வெறுமையாக விடுவது எந்தச் செலவும் இல்லாத உத்தி. பார்ப்பவர் கண் அந்த வெறுமையைச் சோதித்துக்கொண்டே இருக்கும். ஆனால் எல்லா ஷாட்டிலும் செய்தால் அலுத்துவிடும்; நடையின் பிற்பகுதியில் மட்டும் வைத்தோம்.

ஒலி

திகில் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் பயம் வர வேண்டும். ஒலியை நீக்கிவிட்டுப் பார்த்தால் பெரும்பாலும் பயம் போய்விடும். இதை நம்பி, படப்பிடிப்புக்குச் செலவிட்ட நேரத்தைவிட ஒலிக்கு அதிக நேரம் ஒதுக்கினோம்.

பாலக்காட்டுக் கணவாய் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலமுள்ள இடைவெளி. மேற்குத் தொடர்ச்சி மலை அங்கே விலகி நிற்பதால் காற்று அதன் வழியே அடித்துக்கொண்டு வரும். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்தும், மார்கழி, தையில் கிழக்கிலிருந்தும் வரும் அந்தக் காற்றில் காய்ந்த பனையோலைகள் ஒன்றோடொன்று உரசும் ஒலி, யாரோ பல்லைக் கடிப்பது போலவும் கூட்டமாகக் கைதட்டுவது போலவும் மாறி மாறிக் கேட்கும். சிறு வயதில் அந்த ஒலியைக் கேட்டுக்கொண்டே தூங்கியவள் நான். படத்துக்குப் பின்னணி இசை தேவையில்லை என்று சொன்னதற்கு அதுவே காரணம்.

ஆனால் அதைப் பதிவு செய்வது எளிதன்று. காற்று நேரே மைக்கில் மோதினால் ஓலையின் ஒலி பதியாது. மைக்கின் தடதடப்புதான் பதியும். மைக்கைத் தடித்த பஞ்சுறையால் மூடி, அதன்மேல் பழைய கம்பளிச் சட்டையின் கையைச் சுற்றி, மோட்டார் அறைச் சுவருக்குப் பின்னால் காற்று படாத பக்கத்தில் வைத்துப் பதிவு செய்தோம். அருகில் கேட்க வேண்டிய ஓலைச் சத்தத்தை, வீட்டு அறையில் நான்கு பக்கமும் போர்வை தொங்கவிட்டு, இரண்டு காய்ந்த ஓலைகளைக் கையால் உரசிப் பதிவு செய்தோம். தொலைவுக்கு ஒரு பதிவு, அருகுக்கு ஒரு பதிவு என்று தனித்தனியாக இருந்தால், நடக்க நடக்க மரங்கள் நெருங்கி வருவது போன்ற உணர்வைத் தொகுப்பு மேசையில் உருவாக்கலாம். ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாமல், அசையாமல் ஒரு நிமிடம் அந்த இடத்தின் அமைதியையும் பதிவு செய்துகொள்ளுங்கள். வெட்டும் இடங்களில் ஒலி விட்டுப்போகாமல் ஒட்டவைக்க அது வேண்டும்.

குரல் வருவதற்கு முன் என்ன செய்வது என்பதில்தான் நீண்ட நேரம் திணறினோம். ஒலியை உயர்த்திக்கொண்டே போய் உச்சத்தில் குரலை வைத்தோம், சரியாக வரவில்லை. இசை சேர்த்துப் பார்த்தோம், இன்னும் மோசமானது. கடைசியில், குரலுக்கு நான்கு நொடி முன்னால் காற்றை முழுவதும் நிறுத்திவிட்டோம். முப்பத்தெட்டு நொடியாக இடைவிடாது கேட்டுக்கொண்டிருந்த ஒன்று நின்றதும், பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நாற்காலியில் நிமிர்ந்தார்கள். திகிலில் அமைதி என்பது ஒலி இல்லாதது அன்று. இருந்த ஒலி நிறுத்தப்படுவது. ஆகவே அமைதி வேண்டுமென்றால் அதற்கு முன் நிறைய ஒலி கொடுத்திருக்க வேண்டும்.

திடுக்கிட வைக்கும் ஒலியைப் பற்றி: 1942இல் வந்த ‘கேட் பீப்பிள்’ படத்தில், இருட்டில் ஒரு பெண் பின்தொடரப்படும் காட்சியில், பாய்வது விலங்கு என்று நாம் நினைக்கும் நொடியில் ஒரு பேருந்து சீறிக்கொண்டு வந்து நிற்கும். பொய்யான அச்சத்தால் பதற்றத்தை உடைக்கும் அந்த உத்தி அன்றிலிருந்து எண்ணற்ற படங்களில் வந்துவிட்டது. நான் பரிந்துரைப்பது, இரண்டு நிமிடத்தில் அதிகபட்சம் ஒரு முறை; முடிந்தால் ஒரு முறையும் வேண்டாம். திடுக்கிட்டவர் அடுத்த கணமே சிரித்துத் தளர்ந்துவிடுகிறார். அந்தத் தளர்ச்சியிலிருந்து மீண்டும் இறுக்கத்தை உண்டாக்கப் போதிய நேரம் உங்களிடம் இல்லை.

மிகத் தாழ்ந்த உறுமல் ஒலியை நம்பி இருக்காதீர்கள். 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே கைபேசி, மடிக்கணினி ஒலிபெருக்கிகளில் அநேகமாக ஒன்றும் கேட்காது. எங்கள் முதல் படத்தின் உறுமல், ஹெட்ஃபோனில் நெஞ்சை அதிர வைத்தது. மதிப்பீடு நடந்த மடிக்கணினியில் காணாமலே போயிற்று.

பெயர்கள்

தொடக்கக் காட்சி என்பது பெயர்களும் சேர்ந்ததுதான் என்பதைப் பலர் மறந்துவிட்டுக் கடைசி இரவில் ஒட்டுகிறார்கள். தயாரிப்பு நிறுவனம், நடிகர்கள், இசை அல்லது ஒலி, படத்தொகுப்பு, ஒளிப்பதிவு, எழுத்து, இறுதியில் இயக்கம் என்ற வழக்கமான வரிசையைப் பின்பற்றுங்கள். ஒவ்வொரு பெயரும் எந்த ஷாட்டின் எந்த வெறுமையில் வரும் என்பதை ஷாட் பட்டியலிலேயே எழுதிவிடுங்கள்.

இரத்தம் வழியும் எழுத்துரு வேண்டாம். தமிழ் எழுத்திலேயே பயன்படுத்திக்கொள்ள எவ்வளவோ இருக்கிறது. எங்கள் படத்தின் பெயர் ‘சுண்ணாம்பு’. கரும்பலகை போன்ற பனைமரப் பட்டையின்மீது வெள்ளை விரல் தடமாக எழுத்துகள் புள்ளி இல்லாமல் தோன்றும். படிப்பவர் ஒரு கணம் தடுமாறுவார். பிறகு ஒரு விரல் ணகரத்தின் தலையிலும் மகரத்தின் தலையிலும் புள்ளிகளை வைத்து விலகும். விரல் யாருடையது என்று தெரியாது. இதற்கு உண்மையான சுண்ணாம்பைப் பயன்படுத்தவில்லை. சுண்ணாம்பு தோலை அரிக்கும், கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கக் கூடியது. அரிசி மாவைக் கெட்டித் தயிரில் குழைத்துக்கொண்டோம். திரையில் வேறுபாடு தெரியவில்லை.

செய்யும் முன் கவனிக்க வேண்டியவை

தோட்டக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பக்கத்து வீடுகளிலும் உள்ளூர்க் காவல் நிலையத்திலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இருட்டில் பனங்காட்டில் ஒரு பெண் தனியே நிற்பதைப் பார்த்து, மிதிவண்டியில் வந்த ஒருவர் உண்மையாகவே பயந்து விழுந்தார். அவருக்குக் காயம் இல்லை என்றாலும், எங்களுக்கு அன்று வேலை ஓடவில்லை. காய்ந்த ஓலைக் குவியலில் பாம்பும் தேளும் இருக்கும். எல்லோரும் பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். நடிப்பவரை ஒருபோதும் தனியே நிற்க வைக்காதீர்கள்; கேமராவின் சட்டத்துக்கு வெளியே இரண்டடியில் ஒருவர் இருக்க வேண்டும்.

மதிப்பீட்டுக் கட்டுரை

மதிப்பெண்ணில் பெரும் பங்கு இதற்கு இருக்கும், ஆனால் எழுதும் முறையில்தான் பலர் சறுக்குகிறார்கள். ‘நாங்கள் இருட்டைப் பயன்படுத்தினோம், இது திகில் வகையின் மரபு’ என்ற வகை வாக்கியங்களால் பக்கத்தை நிரப்பாதீர்கள். அது பழைய பட்டியலையே கட்டுரை வடிவில் திரும்ப எழுதுவதாகும். ஒவ்வொரு மரபுக்கும் நான்கு செய்திகளை எழுதுங்கள்: அந்த மரபு வழக்கமாக என்ன செய்கிறது, நீங்கள் அதை வைத்துக்கொண்டீர்களா மாற்றினீர்களா, எந்த ஷாட்டின் எந்த நொடியில், பார்த்தவர்களிடம் என்ன நடந்தது. நான்காவதுக்கு விடை எழுத வேண்டுமென்றால் படத்தை வெட்டும் காலத்திலேயே சிலருக்குப் போட்டுக் காட்டி, அவர்கள் முகத்தைப் பார்த்துக் குறிப்பெடுத்திருக்க வேண்டும். திரையைப் பார்க்காதீர்கள், அவர்களைப் பாருங்கள். பிறகு ‘பிடித்திருந்ததா’ என்று கேட்காமல், ‘மேலே இருந்தது யார் என்று நினைக்கிறீர்கள்’ என்பது போன்ற கேள்வியைக் கேளுங்கள். எங்கள் ஊர்க்காரர்கள் யட்சி என்றார்கள். பொள்ளாச்சி நண்பனின் வீட்டில் மரமேறி என்றார்கள், பிறகு சற்று யோசித்துவிட்டு, அந்நேரத்தில் ஏன் ஏறியிருக்க வேண்டும் என்று அவர்களே கேட்டார்கள். இந்த இரண்டு விடைகளையும் அப்படியே கட்டுரையில் எழுதினோம்.

பெண்ணை எப்படிக் காட்டினீர்கள் என்ற கேள்வி உறுதியாக வரும், நேர்மையாக எதிர்கொள்ளுங்கள். திரைப்பட ஆய்வாளர் காரல் குளோவர் 1987இல் எழுதிய கட்டுரையில், கொலைகாரனிடமிருந்து இறுதிவரை தப்பி நிற்கும் பெண்ணுக்குக் ‘கடைசிப் பெண்’ என்று பெயரிட்டு, பார்வையாளர் யாருடைய கண்வழியே பயப்படுகிறார் என்பதை ஆராய்ந்தார். அதைப் படித்துவிட்டு எங்கள் முதல் படத்தைத் திரும்பப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது: அலறுவதைத் தவிர அந்தப் பெண்ணுக்கு ஒரு வேலையும் நாங்கள் கொடுத்திருக்கவில்லை. இரண்டாவது படத்தில் அவள் அலறுவதில்லை. மேலே பார்க்கிறாள், மூச்சு விடுகிறாள், பைக்குள் கை விட்டு, தளர்ந்திருந்த டப்பாவின் மூடியைத் திருகி இறுக்குகிறாள். நாட்டுப்புறக் கதையில் சுண்ணாம்பு கேட்கப்படுபவன் ஆண், அவன் மயங்குகிறான். இங்கே கேட்கப்படுபவள் பெண், அவள் முடிவெடுக்கிறாள். இந்த மாற்றத்தை எழுத எங்களுக்கு ஒன்றரைப் பக்கம் தேவைப்பட்டது.

தவறுகளையும் எழுதுங்கள், ஆனால் ‘நேரம் போதவில்லை’ என்று எழுதாதீர்கள், எல்லோருக்கும் போதவில்லை. எந்த முடிவு தவறு, ஏன் அப்போது அது சரியாகத் தோன்றியது, இப்போது என்ன செய்வீர்கள் என்று எழுதுங்கள். எங்கள் பிழை 84ஆம் நொடியில் இருக்கிறது. குரல் வந்தவுடன் பெண் மேலே பார்க்கும் ஷாட்டுக்கு வெட்டிவிட்டோம். குரல் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் அவள் முதலில் பின்னால், பிறகு வலப்பக்கம், அதன் பிறகே மேலே பார்த்திருக்க வேண்டும். அந்த இரண்டு பார்வைகளையும் எடுத்திருந்தோம். 120 நொடி வரம்பைத் தாண்டிவிடுமோ என்ற அச்சத்தில் நீக்கினோம். பேருந்து போய் மறையும் ஷாட்டில் மூன்று நொடியைக் குறைத்திருந்தால் இரண்டும் உள்ளே வந்திருக்கும்.